148 நாள்: ஹாலிவுட் எழுத்தாளர்களின் 2023 வேலைநிறுத்தம், ஒரு நிகழ்வு ஆய்வு

2023 மே 1ஆம் தேதி இரவு, ஆறு வாரம் நீடித்த பேச்சுவார்த்தை முறிந்ததும், அமெரிக்காவின் திரை, தொலைக்காட்சி எழுத்தாளர்களின் சங்கமான ரைட்டர்ஸ் கில்ட் தன் உறுப்பினர்களுக்குச் சில பக்கங்களே கொண்ட ஓர் ஆவணத்தை வெளியிட்டது. ஒரு பக்கம் சங்கம் கேட்டவை, எதிர்ப்பக்கம் படத் தயாரிப்பு நிறுவனங்கள் தந்த பதில்கள். அதன் அமைப்பு அவ்வளவுதான். ஊதிய உயர்வு பற்றிய வரிசையில் எண்கள் இருந்தன. சங்கம் மூன்றாண்டுகளுக்கு 6, 5, 5 விழுக்காடு கேட்டிருந்தது. நிறுவனங்கள் 4, 3, 2 தருவதாகச் சொல்லியிருந்தன. இடைவெளி பெரிதென்றாலும் பேசித் தீர்க்கக்கூடியதுதான். ஆனால் ஒரு தொடருக்குக் குறைந்தது எத்தனை எழுத்தாளர்களை, எத்தனை வாரத்துக்கு வேலைக்கு வைக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு எதிரே, கோரிக்கை நிராகரிக்கப்பட்டது, மாற்று யோசனை தரவும் மறுத்துவிட்டார்கள் என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது. ஓடிடியில் எத்தனை பேர் பார்க்கிறார்களோ அதை ஒட்டித் தொகை தர வேண்டும் என்ற கோரிக்கைக்கும் அதே பதில். செயற்கை நுண்ணறிவைக் கட்டுப்படுத்தும் கோரிக்கைக்கு ஒரு மாற்று வந்திருந்தது: தொழில்நுட்ப வளர்ச்சி குறித்து ஆண்டுக்கு ஒருமுறை கூடிப் பேசலாம்.

நள்ளிரவு கடந்ததும் சுமார் 11,500 எழுத்தாளர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். மீண்டும் எடுக்க 148 நாள் ஆனது. வெளியிலிருந்து பார்த்த பலர் இதை மனிதருக்கும் இயந்திரத்துக்கும் நடந்த போராட்டமாகவே எழுதினார்கள். செயற்கை நுண்ணறிவு பற்றிய வரிசை முக்கியமானதுதான் என்றாலும், இந்தப் போராட்டத்தின் உயிர்நிலை எத்தனை எழுத்தாளர், எத்தனை வாரம் என்ற வரிசையில்தான் இருந்தது என்பது என் கணிப்பு. ஒரு தொழில் தன் அடுத்த தலைமுறையை எங்கே வளர்த்தெடுக்கிறது என்ற கேள்வி அதில் அடங்கியிருந்தது.

அறை

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை எழுதும் முறை நாம் பழகிய முறையிலிருந்து வேறுபட்டது. ஒரு மேசையைச் சுற்றி எழுத்தாளர்கள் பலர் உட்கார்ந்து, வெள்ளைப் பலகையில் காட்சிகளை அடுக்கிப் பிரித்துச் சேர்த்து, எபிசோடுகளைப் பங்கிட்டுக்கொண்டு எழுதுவார்கள். இதற்கு எழுத்தாளர் அறை என்று பெயர். அறையின் தலைவரான ஷோரன்னர் எழுத்துக்கும் தயாரிப்புக்கும் சேர்த்தே பொறுப்பானவர். ஆண்டுக்கு 22 எபிசோடு ஒளிபரப்பான காலத்தில் இந்த அறை ஏறத்தாழ ஆண்டு முழுவதும் இயங்கியது. ஒருபுறம் எழுத்து நடக்கும்போதே மறுபுறம் படப்பிடிப்பு நடக்கும். புதிதாகச் சேர்ந்தவர் தான் எழுதிய எபிசோடுக்காகப் படப்பிடிப்புத் தளத்துக்குப் போவார். மழை வந்து வெளிப்புறக் காட்சி நின்றுபோனால் அதை அங்கேயே வீட்டுக்குள் நடப்பதாக மாற்றி எழுதுவார். படத்தொகுப்பு அறையில் தன் வசனம் வெட்டப்படுவதைப் பார்த்து, அது ஏன் தேவைப்படவில்லை என்று கற்றுக்கொள்வார். சில ஆண்டுகளில் அவரே ஷோரன்னர் ஆவார். பள்ளிக்கூடமும் பணியிடமும் ஒன்றாகவே இருந்த அமைப்பு அது.

ஓடிடி வந்ததும் ஒரு தொடரின் பருவம் (சீசன்) எட்டு அல்லது பத்து எபிசோடாகச் சுருங்கியது. அத்துடன் மினி ரூம் என்ற வழக்கமும் பரவியது. ஒரு தொடரை எடுப்பதா வேண்டாமா என்று நிறுவனம் முடிவெடுப்பதற்கு முன்பே, மூன்று நான்கு எழுத்தாளர்களைச் சில வாரங்களுக்கு மட்டும் அமர்த்தி, முழுப் பருவத்துக்குமான கதைகளை எழுதி வாங்கிக்கொண்டு அறையைக் கலைத்துவிடுவார்கள். மாதங்கள் கழித்துப் படப்பிடிப்பு தொடங்கும்போது ஷோரன்னர் மட்டும் தனியாக நின்று அனைத்தையும் திருத்தி எழுதுவார். எழுதிய மற்றவர்கள் வேறெங்கோ அடுத்த வேலை தேடிக்கொண்டிருப்பார்கள். சங்கம் 2023 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை இதன் விளைவை எண்ணிக் காட்டியது. 2013-14 பருவத்தில் தொலைக்காட்சி எழுத்தாளர்களில் 33 விழுக்காட்டினர் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு வேலை செய்தார்கள். பத்தாண்டுக்குள் அது 49 விழுக்காடானது. தயாரிப்புப் பொறுப்பும் சுமக்கும் எழுத்தாளர்களின் இடைநிலை வார ஊதியம், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 23 விழுக்காடு சரிந்திருந்தது. இதே பத்தாண்டுகளில்தான் வரலாற்றில் என்றுமில்லாத அளவுக்குத் தொடர்கள் தயாரிக்கப்பட்டன என்பதை அருகில் வைத்துப் படித்தால்தான் எழுத்தாளர்களின் கோபம் புரியும்.

இத்துடன் ரெசிடுவல் என்று தொழிலில் வழங்கும் மறுபயன்பாட்டுத் தொகையும் தேய்ந்தது. ஒரு தொடர் மறுஒளிபரப்பாகும் போதெல்லாம் எழுத்தாளருக்குக் காசோலை வரும். வேலையில்லாத மாதங்களை அதுதான் தாங்கிப் பிடித்தது. ஓடிடியில் மறுஒளிபரப்பு என்பதே கிடையாது. அன்று அதில் வந்தது நிலையான ஒரு தொகைதான். கோடிப் பேர் பார்த்தாலும் ஆயிரம் பேர் பார்த்தாலும் ஒன்றே. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கோ நிறுவனத்தின் பூட்டிய பெட்டிக்குள் இருந்தது.

எழுத்தாளர் தொழிலாளியானது எப்படி

இந்த இடத்தில் சற்று நின்று சட்டத்தைப் பார்க்க வேண்டும், ஏனெனில் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய முடிவதே ஒரு வினோதமான கொடுக்கல்வாங்கலின் பலன். ஹாலிவுட்டில் ஊதியத்துக்கு எழுதப்படும் திரைக்கதையின் பதிப்புரிமை நிறுவனத்துக்கே சொந்தம். சட்டத்தின் பார்வையில் நிறுவனமே அதன் ஆசிரியர். எழுதியவருக்கு இது பெரும் இழப்பு. ஆனால் உரிமையாளராக இல்லாததால் அவர் ஊழியர் ஆகிறார். ஊழியர் என்பதால் 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின்கீழ் சங்கம் அமைக்கவும், கூட்டுப் பேரம் நடத்தவும், வேலையை நிறுத்தவும் உரிமை பெறுகிறார். நியூயார்க்கின் நாடக ஆசிரியர்கள் தங்கள் நாடகங்களின் பதிப்புரிமையைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். அதனாலேயே தொழிற்சங்கத்தின் முழு பலம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. திரை எழுத்தாளர்கள் இழந்த உரிமையின் இடத்தில்தான் இந்த ஒப்பந்தம் நிற்கிறது. யார் பெயர் திரையில் வர வேண்டும், மறுபயன்பாட்டுக்கு எவ்வளவு, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு என வேறு நாடுகளில் ஆசிரியரின் உரிமையாகக் கருதப்படும் பலவும் அங்கே தொழிலாளியின் பேரத்தால் பெறப்பட்டவை.

1933இல் ஸ்டுடியோக்கள் பொருளாதார மந்தத்தைக் காட்டி ஊதியத்தைப் பாதியாக வெட்டியபோது ஸ்கிரீன் ரைட்டர்ஸ் கில்ட் உருவானது. இன்றைய அமைப்பு, மேற்கு, கிழக்கு என்ற இரு கிளைகளுடன், 1954இல் வந்தது. 1960இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தம் திரைப்படங்கள் தொலைக்காட்சிக்கு விற்கப்படும்போது எழுத்தாளருக்கும் பங்கு கிடைக்க வழிசெய்தது. ஓய்வூதிய, மருத்துவ நிதிகளும் அப்போது வந்தவைதான். எல்லாப் போராட்டங்களும் வென்றுவிடவில்லை. வீடியோ கேசட்டுக்கான கணக்கில், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே அடிப்படையாக எடுத்து அதில் 1.5 விழுக்காடு என்று வகுத்துவிட்டார்கள். 1985இல் அதை மாற்றப் போராடிய சங்கம் உட்பிளவால் இரண்டே வாரத்தில் பணிந்தது. கேசட் போய் டிவிடி வந்தது. விற்பனை பல மடங்கு பெருகியது. கணக்கு அப்படியே இருந்தது. ஒரு டிவிடிக்கு எழுத்தாளருக்குக் கிடைத்தது சுமார் 4 சென்ட். 2007 நவம்பர் முதல் 2008 பிப்ரவரி வரை 100 நாள் நின்று, டிவிடியை விட்டுக்கொடுத்தேனும் இணையத்துக்காக எழுதப்படுபவை சங்கத்தின் எல்லைக்குள் வர வேண்டும் என்பதை வென்றெடுத்தார்கள். அன்று அதை அற்பமான பலன் என்று சொன்னவர்கள் உண்டு. சில ஆண்டுகளில் நெட்ஃபிளிக்ஸ் சொந்தத் தொடர்களைத் தயாரிக்கத் தொடங்கியபோது, அவற்றை எழுதியவர்கள் சங்க ஒப்பந்தத்தின் நிழலில் இருந்தார்கள் என்றால் அதற்கு அந்த 100 நாள்தான் காரணம்.

புதிய தொழில்நுட்பம் ஒன்று கருவில் இருக்கும்போதே அதற்கான விதியை எழுதிவிட வேண்டும், வளர்ந்த பிறகு கேட்டால் கிடைக்காது என்ற பாடம் சங்கத்தின் நினைவில் இப்படித்தான் ஊறியது. 2023இல் செயற்கை நுண்ணறிவு குறித்த கோரிக்கை ஏன் அத்தனை முன்கூட்டியே மேசைக்கு வந்தது என்பதற்கும், ஆண்டுக்கொரு கூட்டம் என்ற பதில் ஏன் அத்தனை ஆத்திரத்தைக் கிளப்பியது என்பதற்கும் விடை இந்த நினைவில் உள்ளது.

வாயிலில்

ஏப்ரலில் நடந்த ஒப்புதல் வாக்கெடுப்பில் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக 9,020 வாக்குகளும் எதிராக 198 வாக்குகளும் விழுந்தன, 97.85 விழுக்காடு. இந்த ஒற்றுமைக்கு ஒரு முன்கதை உண்டு. 2019இல், எழுத்தாளருக்காகப் பேச வேண்டிய முகவர் நிறுவனங்கள் தயாரிப்பாளரிடமே கட்டணம் வாங்கும் வழக்கத்தை எதிர்த்து, 7,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் தங்கள் முகவர்களை ஒரே நேரத்தில் நீக்கினார்கள். 2021 தொடக்கத்தில் பெரிய முகவர் நிறுவனங்கள் அனைத்தும் இறங்கிவந்தன. தனித்தனியாகத் தன் அறையில் உட்கார்ந்து எழுதும் மனிதர்கள் கூடி நிற்கக் கற்றுக்கொண்டது அந்த இரண்டு ஆண்டுகளில்தான்.

எதிரே இருந்தது திரைப்பட, தொலைக்காட்சித் தயாரிப்பாளர் கூட்டணி. டிஸ்னி, வார்னர், யுனிவர்சல், பாரமவுண்ட், சோனி என்ற பழைய ஸ்டுடியோக்களும், நெட்ஃபிளிக்ஸ், அமேசான், ஆப்பிள் என்ற புதியவர்களும் ஒரே அணியாகப் பேசினார்கள். பழையவர்களுக்குத் திரையரங்கும் தொலைக்காட்சியும் வேண்டும். நெட்ஃபிளிக்ஸுக்குச் சந்தா வேண்டும். மற்ற இருவருக்குப் படம் என்பது பல தொழில்களில் ஒன்று. நலன்கள் வேறுபட்ட இவர்கள் ஒரே குரலில் பேச வேண்டியிருந்ததே சமரசத்தைத் தாமதப்படுத்தியது என்று நினைக்கிறேன்.

இரவு நேர நகைச்சுவை நிகழ்ச்சிகள் மறுநாளே நின்றன. ஏற்கெனவே எழுதி முடித்த கதைகளை வைத்துக்கொண்டு படப்பிடிப்பைத் தொடரலாம் என்று எண்ணிய தயாரிப்புகளை நிறுத்தியது வேறொரு சங்கம். எழுத்தாளர்கள் விடிவதற்கு முன்பே தளங்களின் வாயிலுக்குப் போய்ப் பதாகையுடன் நடப்பார்கள். விளக்கும் கேமராவும் ஏற்றிய லாரி வரும். ஓட்டுநர் டீம்ஸ்டர்ஸ் சங்கத்துக்காரர். மறியல் கோட்டைக் கண்டதும் தாண்ட மறுத்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். லாரி வராத தளத்தில் அன்றைய படப்பிடிப்பு இல்லை. சில இடங்களில் பத்துப் பேர் நடந்தே ஒரு தொடரின் வேலையை முடக்கினார்கள். 2007இல் இந்த அளவு தோழமை கிடைக்கவில்லை. ஓட்டுநர்களுக்கும் கருவியாளர்களுக்கும் அந்த நாட்களின் கூலி போனது. திரும்பக் கிடைக்காது என்று தெரிந்தே அவர்கள் திருப்பிய வண்டிகள் அவை. எழுத்தாளர்களின் வெற்றியைச் சொல்லும் எவரும் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

ஜூன் தொடக்கத்தில் இயக்குநர் சங்கம் தனியே ஒப்பந்தம் செய்துகொண்டது. முன்பெல்லாம் ஒரு சங்கம் கையெழுத்திட்டால் அதே வார்ப்பை மற்றவர்களுக்கும் பொருத்துவது நிறுவனங்களின் வழக்கம். 2008இல் அப்படித்தான் நடந்தது. இம்முறை எழுத்தாளர்கள் அதை ஏற்கவில்லை, ஏனெனில் இயக்குநருக்கு எழுத்தாளர் அறை என்ற பிரச்சினையே இல்லை. ஜூலை 14இல் 1,60,000 உறுப்பினர்களைக் கொண்ட நடிகர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. இரு சங்கங்களும் ஒரே நேரத்தில் தெருவில் நின்றது 1960க்குப் பிறகு அப்போதுதான்.

அந்த ஜூலை கடுமையான மாதம். எழுத்தாளர்கள் குடியிருக்கும் வீட்டை இழக்கத் தொடங்கும்வரை இழுத்தடிப்பதே திட்டம் என்று பெயர் சொல்லாத நிர்வாகி ஒருவர் கூறியதாகத் தொழில் செய்தித்தளம் ஒன்று எழுதியது. தங்கள் சார்பாக அவர் பேசவில்லை என்று கூட்டணி மறுத்தது. சில நாளில் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்துக்கு வெளியே, பார்ஹாம் சாலையில், மறியல் செய்தவர்களுக்கு நிழல் தந்த அத்தி வகை மரங்களின் கிளைகள் உச்சி வரை வெட்டப்பட்டிருந்தன. கொளுத்தும் வெயிலில் மொட்டைக் கிளைகளுக்குக் கீழே பதாகை தாங்கி நடந்தவர்களின் படங்கள் நாடெங்கும் போயின. ஆண்டுதோறும் பாதுகாப்புக்காகச் செய்யும் வேலைதான் என்றது நிறுவனம். மரங்கள் நகராட்சியுடையவை, வெட்ட அனுமதி வழங்கப்படவில்லை என்று நகரின் கணக்கு அதிகாரி அறிவித்தார். விதிக்கப்பட்ட அபராதம் 250 டாலர். காரணம் எதுவாயினும், அந்த மொட்டை மரங்கள் மறியல் வரிசைக்கு ஆட்களைக் கூட்டின.

திருப்பம் எப்போது வந்தது என்பதை ஒரே நிறுவனத்தின் இரண்டு அறிவிப்புகளில் காணலாம். ஆகஸ்ட் தொடக்கத்தில் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி, வேலைநிறுத்தத்தால் செலவு நின்று 10 கோடி டாலருக்கும் மேல் மிச்சமானது என்று முதலீட்டாளர்களுக்குச் சொன்னது. செப்டம்பர் தொடக்கத்தில் அதே நிறுவனம், வேலைநிறுத்தங்கள் முதன்மைக் காரணமாக, வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய ஆண்டு லாபம் 30 முதல் 50 கோடி டாலர் வரை குறையும் என்று அறிவித்தது. படம் எடுக்காமல் இருப்பது முதலில் சேமிப்பு. பின்னர் விற்கப் படமில்லை என்ற நிலை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களைத் தாக்குப்பிடிப்பதில்தான் எழுத்தாளர்களின் பலம் சோதிக்கப்பட்டது. ஆகஸ்ட் 22இல் தலைமை நிர்வாகிகள் சங்கத்தினரைச் சந்தித்த அன்றே கூட்டணி தன் முன்மொழிவைப் பொதுவெளியில் வெளியிட்டு, தலைவர்களைத் தாண்டி உறுப்பினர்களிடம் நேரே பேசிப் பார்த்தது, வரிசை கலையவில்லை. செப்டம்பர் 20 முதல் டிஸ்னி, நெட்ஃபிளிக்ஸ், வார்னர், யுனிவர்சல் தலைவர்கள் மீண்டும் பேச்சு அறைக்கு வந்தார்கள். 24ஆம் தேதி உடன்பாடு எட்டியது. 27ஆம் தேதி வேலைநிறுத்தம் முடிந்தது. உறுப்பினர் வாக்கெடுப்பில் 8,435 பேர் ஏற்றனர், 90 பேர் எதிர்த்தனர்.

கையெழுத்தான பிறகு

சங்கத்தின் கணக்குப்படி, அது கேட்டவற்றின் மதிப்பு ஆண்டுக்கு 42.9 கோடி டாலர். மே 1 அன்று நிறுவனங்கள் தருவதாகச் சொன்னது 8.6 கோடி, முடிவில் கையெழுத்தானது 23.3 கோடி. ஊதிய உயர்வு 5, 4, 3.5 விழுக்காடு. இந்த எண்களை மட்டும் பார்த்தால் இருதரப்பும் நடுவழியில் சந்தித்தது போலத் தோன்றும். மே மாதம் பதிலே வராத வரிசைகளில்தான் பெரிய நகர்வு.

நிறுவனம் எடுக்க முடிவு செய்த தொடரில், 6 எபிசோடு வரை 3 எழுத்தாளர்கள், 7 முதல் 12 வரை 5 பேர், 13 அல்லது அதற்கு மேல் 6 பேர் கட்டாயம் என்று விதி வந்தது. முடிவெடுக்கும் முன் கூடும் அறைக்கு 10 வாரம், பின் கூடும் அறைக்கு 20 வாரம் உறுதி. சங்கம் கேட்டது 6 முதல் 12 பேர் என்பதால் இது குறைவுதான். ஒரே எழுத்தாளர் பருவம் முழுவதையும் எழுதினால் விதி பொருந்தாது என்ற விலக்கும் உண்டு. ஆனால் என் கண்ணில் மிக முக்கியமானது அதிகம் பேசப்படாத ஓர் உட்பிரிவு: இரண்டு எழுத்தாளர்களைப் படப்பிடிப்புக் காலத்திலும், 20 வாரம் அல்லது படப்பிடிப்பு முடியும் வரை, எது குறைவோ அதுவரை, வேலையில் வைத்திருக்க வேண்டும். மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தின் கதவு அங்கே கொஞ்சம் திறந்தது.

ஓடிடியில் ஒரு தொடரோ படமோ, வெளியான 90 நாளுக்குள் அந்தத் தளத்தின் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 விழுக்காட்டுக்கு இணையான பார்வைகளை எட்டினால் ரெசிடுவலில் பாதிக்குச் சமமான கூடுதல் தொகை உண்டு. பார்த்த மணிநேரக் கணக்கை நிறுவனங்கள் ரகசியக் காப்பு உறுதியின் பேரில் சங்கத்துக்குத் தர வேண்டும். வெளிநாட்டு ரெசிடுவல் இனி அந்தத் தளத்தின் வெளிநாட்டுச் சந்தாதாரர் எண்ணிக்கையை ஒட்டியது. நெட்ஃபிளிக்ஸின் ஒரு மணி நேர எபிசோடுக்கு மூன்றாண்டுத் தொகை 18,684 டாலரிலிருந்து 32,830 டாலராக உயர்ந்தது. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு வீட்டில் கட்டும் சந்தாவும் அந்த எண்ணிக்கைக்குள் வருகிறது என்பதால், நமக்கும் இந்த ஒப்பந்தத்துக்கும் சிறியதொரு தொடர்பு உண்டு.

செயற்கை நுண்ணறிவு வரிசையில், இயந்திரம் எழுதியது ஒப்பந்தத்தின் பொருளில் எழுத்துப் படைப்பு ஆகாது, மூலக்கதையாகவும் கொள்ளப்படாது என்று எழுதப்பட்டது. இதன் கூர்மை பணத்தில் உள்ளது. இயந்திரத்தின் வரைவை எழுத்தாளரிடம் தந்து, திருத்தி எழுதுவதற்கான குறைந்த கூலியைக் கொடுத்துவிட்டு, திரைப்பெயரிலும் பாதியைப் பறிக்கும் வழி அடைபட்டது. நிறுவனம் ஒப்புக்கொண்டால் எழுத்தாளர் விரும்பி அக்கருவியைப் பயன்படுத்தலாம். பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. தரும் குறிப்புகளில் இயந்திரம் உருவாக்கியது இருந்தால் சொல்லியாக வேண்டும். எழுத்தாளர்களின் படைப்புகளைக் கொண்டு இயந்திரத்தைப் பயிற்றுவிக்கக் கூடாது என்ற கோரிக்கை மட்டும் கிடைக்கவில்லை. அது தடைசெய்யப்பட்டதே என்று பின்னாளில் வாதிடும் உரிமையைச் சங்கம் தக்கவைத்துக்கொண்டது, அவ்வளவே. பதிப்புரிமையை நிறுவனத்திடம் விட்டுவிட்ட பழைய கொடுக்கல்வாங்கலின் விலை இந்த இடத்தில் தெரிகிறது.

ஒப்பந்தம் 2026 மே 1 வரைக்கானது. அது கையெழுத்தாவதற்கு முன்பே நிறுவனங்கள் தொடர்களின் எண்ணிக்கையைக் குறைக்கத் தொடங்கியிருந்தன. சந்தாதாரரைச் சேர்த்தால் போதும் என்றிருந்த முதலீட்டாளர்கள் இப்போது லாபம் கேட்டார்கள். ஓர் அறையில் எத்தனை பேர் என்பதை ஒப்பந்தம் விதிக்கலாம். எத்தனை அறைகள் என்பதை விதிக்க எந்தச் சங்கத்துக்கும் அதிகாரமில்லை. சங்கத்தின் மேற்குக் கிளை பின்னர் வெளியிட்ட கணக்கில், வேலைநிறுத்தக் காலத்தையும் உள்ளடக்கிய 2023-24 பருவத்தில் தொலைக்காட்சி எழுத்து வேலைகள் முந்தைய பருவத்தைவிட 42 விழுக்காடு, அதாவது 1,319, குறைந்திருந்தன. விழுக்காட்டளவில் மிகுதியாகச் சரிந்தது அடிமட்டத்தில். புதிதாக அறைக்குள் நுழைபவர்களுக்கான இடங்களில் 378 இல்லாமல் போயின; அது 46 விழுக்காடு.